முளைத்ததா, நட்டதா? – கடிதமும் பதிலும்

அண்ணா, வணக்கம்.

போன மாதம் ஒரு குறிப்பில் 'கால்பந்து கிளப் என்பது ஊர் மண்ணிலிருந்து தானாக முளைக்க வேண்டும், பணக்காரர் ஒருவர் கொண்டுவந்து நட்டு வைத்தால் அது கம்பெனி' என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அதே வாரம் கைபேசியில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தபோது உக்ரைன் லீகில் கோலோஸ் கொவாலிவ்கா என்று ஓர் அணி கண்ணில் பட்டது. கொவாலிவ்கா எங்கே என்று மேப்பில் தேடினால் நாலு தெரு, சுற்றிலும் வயல். எங்கள் ஊரைவிடச் சின்னது! 2012-ல்தான் ஆரம்பித்திருக்கிறார்கள், 2019-ல் நாட்டின் முதல் லீகில் ஆடுகிறார்கள். என் அண்ணன் மகன் அங்கே வின்னித்சாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்து, 2022-ல் போர் வந்ததும் திரும்பியவன். அவனிடம் கேட்டேன். "அது ஒரு பண்ணையார் வீட்டு விளையாட்டுச் சாமான், சித்தப்பா" என்று சிரித்துவிட்டான். எனக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. உங்கள் கணக்குப்படி இது முளைத்ததா, நட்டதா? நட்டது என்றால் இந்த அணியை நான் விரும்பலாமா கூடாதா? கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் மன்னிக்கவும்.

ர., மன்னார்குடி

அன்புள்ள ர.,

நட்டதுதான். அதில் சந்தேகமே வேண்டாம், உங்கள் அண்ணன் மகன் சொன்னது சரி. கிளப்பை ஆரம்பித்தவர் அந்த்ரீய் ஸாசுஹா. அப்பா அனத்தோலிய், குச்மா அதிபராக இருந்த காலத்தில் கீவ் மாகாண ஆளுநர். அம்மா தெத்யானா நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். கொவாலிவ்காவில் ஸ்வித்தானோக், அதாவது 'விடியல்', என்றொரு வேளாண் நிறுவனம் இருக்கிறது, அது இந்தக் குடும்பத்தின் கையில் இருப்பது. பண்ணை வீடு என்றால் என்ன என்று மன்னார்குடிக்காரருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஆனால் நான் போன மாதம் எழுதிய அந்த வரி இருக்கிறதே, அது எழுதும்போது நன்றாக இருந்தது. உங்கள் கடிதத்துக்கு அப்புறம் எடுத்துப் படித்தால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. தானாக முளைத்த கிளப் என்று சுத்தமாக ஒன்றைக் காட்டச் சொன்னால் உக்ரைனில் எனக்குத் திண்டாட்டம்தான். சோவியத் காலத்தில் ஆலையோ ராணுவமோ ரயில்வேயோ நட்டது. 1991-க்குப் பிறகு எஃகும் எரிவாயுவும் வங்கியும் வைத்திருந்தவர்கள் நட்டார்கள். இப்போது தானியம் விற்பவர்கள் நடுகிறார்கள். எல்லாமே நாற்றுதான்.

கோலோஸ் என்ற பேரையே பாருங்கள். உக்ரைனிய மொழியில் கதிர் என்று அர்த்தம், கோதுமைக் கதிர். சோவியத் நாட்களில் கிராமப்புற உழைப்பாளிகளுக்கான விளையாட்டுச் சங்கத்துக்கும் அதுதான் பேர். எனவே இந்தப் பேரில் புதுமை ஒன்றும் கிடையாது, நம் ஊர்ப் பக்கம் டீக்கடைக்கும் கிரிக்கெட் டீமுக்கும் பாரதி பேரை வைப்பது மாதிரி, கிராமத்து அணி என்றால் கை தானாக எழுதுகிற பேர்.

ஊரில் சுமார் 1,500 பேர். மைதானத்தில் சுமார் 5,000 இருக்கை. கைக்குழந்தையிலிருந்து கட்டிலில் கிடக்கிற கிழவி வரை மொத்த ஊரையும் தூக்கிவந்து உட்கார வைத்தாலும் மூன்றில் இரண்டு பங்கு நாற்காலி காலி. இதை முதலில் படித்தபோது நான் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது: முதல் லீகில் ஆடவேண்டும் என்றால் அதற்கேற்ற மைதானம் வேண்டும், இல்லையென்றால் வேறு ஊரில் போய் ஆடு என்பார்கள். சின்ன ஊர் அணிகள் பல அந்த இடத்தில்தான் ஊரை விட்டுக் கிளம்பின. எல்.என்.இஸட். என்ற அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று எழுத்தும் லெபெதின் விதை ஆலை என்பதன் சுருக்கம், அணி பிறந்ததும் லெபெதின் கிராமத்தில்தான், ஆனால் 2023-ல் முதல் லீகுக்கு ஏறியபோது அது செர்க்காஸி நகரத்து அணி. ஸாசுஹா ஊரை மாற்றவில்லை. 1,500 பேர் ஊரில் 5,000 இருக்கை போட்டார்.

சரி, ஏறிய கதை. 2012-க்கு அப்புறம் மூன்று வருடம் மாகாண அளவிலும் அமெச்சூர் போட்டிகளிலும் ஆடிவிட்டு, 2015-ல் இரண்டாவது லீக் என்கிற, உண்மையில் மூன்றாம் படியான, தொழில்முறை அடுக்கின் கடைசிப் படிக்கு வந்தார்கள். 2016-ல் அடுத்த படி. 2019-ல் பிரீமியர் லீகுக்கு, அதாவது நாம் முதல் லீக் என்று சொல்லும் உச்சப் படிக்குப் போக ஒரு தகுதிச் சுற்று ஆடவேண்டியிருந்தது. எதிரில் ஒதேஸாவின் சோர்னோமோரெட்ஸ். ஒதேஸா பத்து லட்சம் பேர் வாழும் துறைமுக நகரம், அந்தக் கிளப் 1930-களிலிருந்து இருப்பது. இரண்டு ஆட்டமும் சேர்த்து 2-0 என்று கிராமம் ஜெயித்தது. அந்த நகரத்துக்காரர்கள் அன்று ராத்திரி மேப்பில் கொவாலிவ்காவைத் தேடியிருப்பார்கள், உங்களை மாதிரியே.

இந்த ஏற்றத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது பணமோ மைதானமோ அல்ல. ருஸ்லான் கோஸ்திஷின் என்ற பயிற்சியாளர். கடைசிப் படியில் நுழைந்தபோதும் அவர்தான், 2020-ல் ஐரோப்பியப் போட்டிக்குப் போனபோதும் அவர்தான். கிளப் வைத்திருக்கும் பணக்காரர்கள் மூன்று ஆட்டம் தோற்றால் முதலில் செய்வது பயிற்சியாளரைக் கழற்றிவிடுவது. விவசாயக் குடும்பம் என்பதால் பொறுமை இருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் விவசாயத்தில் கோடீஸ்வரரானவருக்கும் பொறுமைக்கும் என்ன சம்பந்தமோ, அதை விட்டுவிடுகிறேன்.

முதல் லீகில் முதல் வருடமே ஆறாவது இடம். மரியுபோல் அணியைத் தகுதி ஆட்டத்தில் வென்று யூரோப்பா லீக் தகுதிச் சுற்றுக்குப் போனார்கள். 2020 செப்டம்பரில் கிரீஸின் தெஸலோனிகி நகரத்தில் ஆரிஸ் அணியோடு ஆட்டம். சாதாரண நாளில் அந்த மைதானத்தில் நுழைகிற எதிரணிக்குக் காது அடைத்துப்போகும், ஆரிஸ் ரசிகர்கள் அப்படி. ஆனால் அது கொரோனா வருடம். ஒரு ஆள் கிடையாது. பயிற்சியாளர் கத்துவதும் பந்து கம்பத்தில் படுவதும் மட்டும் கேட்கிற மைதானத்தில், கூட்டத்துக்குப் பழக்கமே இல்லாத ஒரு கிராமத்து அணி 2-1 என்று ஜெயித்தது. அதிர்ஷ்டம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடுவதில் ஐரோப்பாவிலேயே அவர்களைவிட அனுபவசாலி யார்! அடுத்த சுற்றில் குரோஷியாவின் ரியேகா கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் போட்டு வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த வருடம் லீகில் நாலாவது இடம், மறுபடி ஐரோப்பா. கஸகஸ்தானின் சுரங்க நகரமான கரகந்தாவின் ஷாக்தியோர் அணியோடு இரண்டு ஆட்டம், இரண்டிலும் 0-0, கடைசியில் பெனால்டியில் தோல்வி. பார்ப்பவர் பொறுமையைச் சோதிக்கிற கால்பந்து அது, உங்களுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2019-ல் கோலோஸ் தகுதிச் சுற்று வழியாக ஏறியது என்றேனல்லவா, அதே வருடம் முதலிடம் பிடித்து நேராக ஏறியது நீப்ரோ-1 என்ற இன்னொரு புது அணி. அதுவும் நட்டதுதான், ஆனால் என்ன ஒரு நிலத்தில் பாருங்கள். நீப்ரோ பெரிய தொழில் நகரம். அங்கே இருந்த பழைய நீப்ரோ கிளப் கொலோமோய்ஸ்கி என்ற பெரும் செல்வந்தருடையது. 2015-ல் வார்ஸாவில் யூரோப்பா லீக் இறுதியாட்டம் வரை போய் செவில்லாவிடம் 3-2 என்று தோற்றது. இறுதியாட்டம் ஆடிய அணிக்குச் சம்பள பாக்கி! பழைய பயிற்சியாளருக்கும் ஆட்டக்காரர்களுக்கும் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காததால் புள்ளிகளைப் பிடுங்கினார்கள், படி படியாக இறக்கினார்கள், நாலு வருடத்துக்குள் கிளப்பே இல்லை. அது செத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் 2017-ல் தொழில்முறைக்கு வந்தது நீப்ரோ-1. கிழக்கில் போரிட்ட காவல் படைப்பிரிவு ஒன்றின் பேரை அணிந்த அணி. வேகமாக வளர்ந்தது, 2022-23-ல் உக்ரைனின் பெரிய கிளப்பான ஷாக்தாருக்கு அடுத்து இரண்டாம் இடம். அடுத்த கோடையில், 2024 ஜூலையில், ஹங்கேரியின் புஷ்காஷ் அகாதெமியோடு ஐரோப்பிய ஆட்டம். ஆட வரவில்லை. அணியே கலைந்துவிட்டது. தொழில்முறைக்கு வந்து ஏழு வருடம்.

ஒரே வருடம் ஏறிய இரண்டு புது அணி. பெரிய நகரத்து அணி போய்விட்டது, நாலு தெரு அணி நிற்கிறது. இதற்குப் போர் ஒரு காரணம், பணம் வற்றியது ஒரு காரணம், அதையெல்லாம் மறைக்கவில்லை. ஆனால் எனக்குத் தோன்றுவது இதுதான்: கிளப்புக்கு யார் பணம் கொடுத்தார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன், கொடுப்பவர் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டிருக்கவேண்டும். ஹார்கிவ் நகரத்தின் மெட்டலிஸ்ட் கிளப்பை 2012 கடைசியில் குர்ச்சென்கோ என்ற இளைஞர் வாங்கினார், வயது 27. அதிபர் யானுகோவிச்சின் ஆட்சி 2014-ல் விழுந்ததும் நாட்டைவிட்டே ஓடிவிட்டார். ஹார்கிவ்வில் அவருக்கு விட்டுப்போக மனசு வராத மாதிரி என்ன இருந்தது? 2016-ல் கிளப் மூடியது. ஸ்வித்தானோக்கின் நிலம் கொவாலிவ்காவைச் சுற்றித்தான் இருக்கிறது. அதைச் சூட்கேஸில் வைத்துக்கொண்டு ஓட முடியாது.

(மெட்டலிஸ்ட் கதைக்கு ஒரு வேடிக்கையான வால் உண்டு. 2016-லேயே ரசிகர்களின் ஆதரவோடு மெட்டலிஸ்ட் 1925 என்று ஒன்று தொடங்கினார்கள். கொஞ்ச வருடம் கழித்து, கிளப்பை முதலில் விற்ற யாரோஸ்லாவ்ஸ்கியே திரும்பி வந்து இன்னொரு மெட்டலிஸ்ட்டைத் தொடங்கினார். 2022-23-ல் இரண்டுமே முதல் லீகில். பங்காளி வீட்டுச் சண்டை மாதிரி.)

பணம் இடம் மாறியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2014 வரைக்கும் உக்ரைனியக் கால்பந்தின் பெரும் பணம் கிழக்கில், தோன்பாஸின் நிலக்கரியிலும் எஃகிலும். போர் அங்கே தொடங்கியது, உக்ரைன் நாணயமான ஹ்ரிவ்னியா சரிந்தது. எட்டு ஹ்ரிவ்னியாவுக்குக் கிடைத்த டாலர் இரண்டே வருடத்தில் இருபதுக்கு மேல் போனது. அப்போது டாலரில் விற்கிற பொருள் யாரிடம் இருந்தது? கோதுமை, சோளம், சூரியகாந்தி வைத்திருந்தவர்களிடம். சம்பளம் ஹ்ரிவ்னியாவில், வரவு டாலரில். பெத்ரோவே என்ற சிற்றூரின் இன்ஹுலெட்ஸ் அணி 2013-ல் பிறந்து, இரண்டாம் படியில் இருந்துகொண்டே 2019-ல் உக்ரைன் கோப்பை இறுதியாட்டம் வரை வந்தது. ஷாக்தார் நாலு கோல் போட்டு அனுப்பியது, அது வேறு. வொலொச்சிஸ்க் ஊர் அணியின் பேரே அக்ரோபிஸ்னெஸ். கூச்சமே இல்லாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்!

இவர்களில் யாராவது லீக் சாம்பியன் ஆவார்களா என்று கேட்டால், 1992-ல் முதல் சாம்பியன் கிரிமியாவின் தாவ்ரியா, அதற்குப் பிறகு 2025 வரை தினமோ கீவ் அல்லது ஷாக்தார், வேறு ஆளே கிடையாது. எனவே அந்த ஆசையில் அணி தேடவேண்டாம்.

விரும்பலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. பண்ணையாரை விரும்பச் சொல்லவில்லை, அணியை. 2022 பிப்ரவரியில் லீக் நின்றது. கோலோஸ் வென்றுவிட்டு ஐரோப்பாவுக்குப் போனதே, அந்த மரியுபோல் அணி அப்புறம் களத்துக்கு வரவே இல்லை, ஊரே இடிந்துபோனது. செர்னிஹிவ்வின் தெஸ்னாவும் அந்த வருடமே நின்றுபோனது, அவர்கள் மைதானத்தில் குண்டு விழுந்தது. ஆகஸ்டில் லீக் மறுபடி தொடங்கியபோது பார்வையாளர்களே இல்லை. சைரன் ஒலித்தால் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு இரண்டு அணியும் பதுங்குமிடத்துக்குப் போகவேண்டும். முதல் வாரத்திலேயே ல்விவ் நகரத்தில் ரூஹ் அணியும் இரண்டு மெட்டலிஸ்ட்களில் ஒன்றும் ஆடிய ஆட்டத்தில் மூன்று முறை சைரன். வியர்வை காய்ந்து, தசை இறுகி, மறுபடி வெளியே வந்து ஓடிச் சூடேற்றிக்கொண்டு, பந்தைத் தொட்டால் திரும்ப சைரன். 90 நிமிட ஆட்டம் முடிய நாலரை மணி நேரம் ஆனது. பிறகு ரசிகர்களை உள்ளே விட்டபோதும், பதுங்குமிடத்தில் எத்தனை பேருக்கு இடமோ அத்தனை டிக்கெட்தான்.

ஆட்டங்கள் பெரும்பாலும் அங்கே பகல் வெளிச்சத்தில், நமக்குச் சாயங்காலம். டீ நேரத்துக்குத் தோதாக இருக்கும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். ஸ்கோர் 63-வது நிமிடத்தில் அரை மணி நேரமாக அசையாமல் நின்றால் ஆப் கோளாறு என்று நினைத்து ஃபோனை அணைத்துப் போடாதீர்கள்.