கிராங்க் நேராக இருக்கிறதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய ஒற்றை சிலிண்டர் பைக்கின் கிராங்க்குக்கு (ஒரே பின்னில் இணைந்த இரண்டு ஃப்ளைவீலும் அவற்றின் ஷாஃப்ட்டுகளும்) புது கிராங்க் பின்னும் பிக் எண்ட் பேரிங்கும் (பின்னில் கனெக்டிங் ராட் சுற்றும் பேரிங்) போட்டு ப்ரெஸ் செய்தாகிவிட்டது. லேத் சென்டரில் (ஷாஃப்ட் முனைகளைத் தாங்கும் கூர்முனைகளில்) மாட்டிச் சுற்றினால் இரண்டு பக்க ஷாஃப்ட்டிலும் டயல் கேஜ் முள் 0.12 மி.மீ. ஆடுகிறது. இப்படியே பூட்டலாமா?

பதில்: கூடாது. ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங் சீக்கிரம் போய்விடும், அதிர்வும் நிற்காது. கம்பெனி கையேட்டில் வேறு அளவு இல்லாவிட்டால், முள்ளின் மொத்த ஆட்டம் 0.05-ஐத் தாண்ட விடாதீர்கள். பொறுமை இருந்தால் 0.02 வரை கொண்டுவரலாம்.

முதலில் ஷாஃப்ட் முனைகளிலுள்ள சென்டர் குழிகளைத் துடைத்துப் பாருங்கள். அங்கே ஒரு பிசிறு இருந்தாலே நேரான கிராங்க்கும் அவுட் (கோணல்) காட்டும். அடுத்து, ஃப்ளைவீலை ஒட்டி பேரிங் உட்காரும் இடங்களில் இரண்டு கேஜ்களை வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். முள் உச்சத்துக்குப் போகும் இடத்தை (மேடு) ஃப்ளைவீல் விளிம்பில் சாக்பீஸால் குறியுங்கள்.

கிராங்க் பின்னுக்கு 90 டிகிரியில் ஒரு ஷாஃப்ட் மேடாகவும் மற்றது பள்ளமாகவும் காட்டினால், ஃப்ளைவீல்கள் பின்னைச் சுற்றித் திரும்பியிருக்கின்றன. கிராங்க்கை சென்டரிலிருந்து இறக்கி, மேடு காட்டிய ஃப்ளைவீலின் விளிம்பில், குறித்த இடத்தில், செம்புச் சுத்தியலால் ஓர் அடி. மறுபடி மாட்டி அளந்த பிறகுதான் அடுத்த அடி. சென்டரில் இருக்கும்போதே அடித்தால் குழி கெட்டுவிடும், பிறகு எந்த அளவையும் நம்ப முடியாது.

இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே நேரத்தில் கிராங்க் பின் இருக்கும் திசையில் மேடானால், பின்னுக்கு எதிர்ப்புறத்தில் ஃப்ளைவீல்கள் நெருங்கியிருக்கின்றன. அங்கே பித்தளை ஆப்பு வைத்து விரிக்க வேண்டும். பின்னுக்கு எதிர்த்திசையில் மேடானால் அதே இடத்தை வைஸில் வைத்து நெருக்குங்கள். வார்ப்பிரும்பு ஃப்ளைவீலானால் ஆப்பை மிக நிதானமாகத் தட்டுங்கள். அது வளையாது, வெடிக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: பேரிங் இடங்களை வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள கட்டையில்) தாங்கி, ஷாஃப்ட்டின் வெளிமுனையில் கேஜ் வைத்தால் மேடும் பள்ளமும் தலைகீழாகத் தெரியும். இது தெரியாமல் அடிக்கிறவர்கள் 0.12-ஐ 0.25 ஆக்கிவிடுகிறார்கள். மேடு, பின்னின் நேர்த்திசைக்கும் 90 டிகிரிக்கும் இடைப்பட்ட கோணத்தில் வந்தால் இரண்டு குறையும் கலந்திருக்கிறது. ஃப்ளைவீல் திரும்பியிருக்கும் திருகலை முதலில் எடுங்கள்.

கேள்வி: நேராக்கிய கிராங்க் சில நூறு கிலோமீட்டரில் மறுபடி அவுட் ஆகிறது. ஏன்?

பதில்: ஃப்ளைவீல் துளையில் பின்னின் பிடிப்பு தளர்ந்திருக்கும், அல்லது துளையோரம் மயிரிழை விரிசல் இருக்கும். பசை ஊற்றியோ பஞ்ச் அடித்தோ சமாளிக்காதீர்கள். துளை மட்டும் தேய்ந்திருந்தால் ஓவர்சைஸ் (சற்றே பருத்த) பின், விரிசல் என்றால் வேறு ஃப்ளைவீல்.

கேள்வி: நேராக்கியாயிற்று. பூட்டும் முன் வேறென்ன பார்க்க வேண்டும்?

பதில்: பிக் எண்டுக்கு ஷாஃப்ட் வழியாக ஆயில் போகும் எஞ்சினானால், ஷாஃப்ட் துளையில் ஆயில் கேனை வைத்து அழுத்துங்கள். கனெக்டிங் ராடின் அடியில் ஆயில் கசிந்து வர வேண்டும். வரவில்லையென்றால் பின்னின் ஆயில் துளை ஃப்ளைவீல் துளையோடு சேரவில்லை. திரும்பப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.