வடை யாருடையது? – கதை சொல்லும் டீச்சரிடம் சில கேள்விகள்

முப்பத்திரண்டு வருடம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், பெரும்பாலும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கே டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ‘பிள்ளைகளுக்கு நீதிக்கதை சொல்வது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று சொன்னதும் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். என்னைப் பெரிய நிபுணர் என்று நினைத்துவிடாதீர்கள். நிறையக் கதை சொன்னவள், அதில் நிறையச் சொதப்பியவள், அவ்வளவுதான்.

பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லி, ‘புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது, புரிஞ்சுதா?’ என்று முடித்தேன். என் ஐந்து வயது மகள், ‘பாட்டிக்கு யாரும்மா காசு குடுப்பாங்க?’ என்கிறாள். என்ன பதில் சொல்வது டீச்சர்? (ஒரு அம்மா, திருப்பூர்)

முதலில் அவளுக்கு ஒரு வடை வாங்கிக் கொடுங்கள். காகம் திருடியது, நரி ஏமாற்றியது, நாமோ காகம் ஏமாந்ததைப் பற்றி மட்டும் பாடம் நடத்திவிட்டு எழுந்து போய்விடுகிறோம். முதல் போட்ட பாட்டியை யாரும் கண்டுகொள்வதில்லை.

இந்தக் கதையால் சங்கடப்பட்டவர்கள் முன்பும் உண்டு. பிரான்சில் ரூசோ என்ற சிந்தனையாளர், 1762-ல் வெளியான ‘எமில்’ நூலில் இதே காகத்தையும் நரியையும் வைத்துக்கொண்டு சண்டைக்கே போகிறார். அங்கே வடைக்குப் பதில் பாலாடைக்கட்டி. பிள்ளைகள் காகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு நரியின் பக்கம் சேர்ந்துகொள்வார்கள், அப்புறம் என்ன நீதி என்பது அவர் வாதம். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள் ஒன்றிலும் காகமும் நரியும் வருகின்றன. அதில் காகம் நாவல் மரத்தில் உட்கார்ந்து பழம் தின்கிறது. நரி அதைப் புகழ, காகமும் நரியைத் திருப்பிப் புகழ்ந்து கிளையை உலுக்கிப் பழம் போடுகிறது. இந்தப் பொய்ப் பேச்சைச் சகிக்காமல் மரத்துத் தேவதை இரண்டையும் விரட்டிவிடுகிறது.

இந்த இரண்டிலும் பாட்டி கிடையாது. வடை சுட்டு விற்றுப் பிழைக்கும் கிழவியை உள்ளே கொண்டுவந்தது நம் ஆட்கள்தான். அவள் வந்து உட்கார்ந்ததும் கதையின் கணக்கே மாறிவிடுகிறது.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் அம்மா பேருந்து நிலையத்து வாசலில் வடை போடுபவர். கதை முடிந்ததும் மற்றதெல்லாம் ‘கா கா’ என்று கத்திக்கொண்டிருக்க, இவன் மட்டும் விரலை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தான். என்னடா என்றேன். ‘ஒரு வடை போச்சுன்னா அஞ்சு வடை வித்த லாபம் போச்சு டீச்சர்’ என்றான். அவன் சட்டையில் எண்ணெய் வாசனை வரும். அதுவரை அதற்காக அவனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அன்றிலிருந்து அந்தக் கதையை ‘வடை யாருடையது?’ என்ற கேள்வியோடு நிறுத்திவிடுவேன். நீதியை நான் சொல்வதில்லை. உங்கள் மகள் இன்னொரு முறை கேட்டால், ‘நீயே சொல்லு, யார் குடுக்கணும்?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

‘புலி வருது’ கதையை வாரம் ஒரு முறை சொல்கிறேன். பையன் பொய் சொல்வது குறையவே இல்லை. இப்போது பொய்யை நன்றாக ஜோடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். (ஆறு வயது மகனின் அப்பா, சேலம்)

குறையாது தம்பி. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவில் மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் 268 பேரை வைத்து நடந்த ஆய்வு, 2014-ல் வெளிவந்தது. பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். ஆய்வாளர் வெளியே போய்விடுவார். பிள்ளை என்ன செய்யும், திரும்பிப் பார்க்கத்தானே செய்யும்? அவர் திரும்பி வந்து ஒரு கதை படித்துவிட்டு, ‘பார்த்தியா?’ என்று கேட்பார். ஓநாய் வருது என்று கத்திய பையனின் கதையைக் கேட்டவர்களும், பொய் சொல்லி மூக்கு நீண்ட பினோக்கியோ கதையைக் கேட்டவர்களும், பொய்க்குச் சம்பந்தமே இல்லாத ஆமை முயல் கதையைக் கேட்டவர்களை விட அதிகமாக உண்மை பேசிவிடவில்லை. வித்தியாசம் தெரிந்தது அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் கதையில்தான். சின்ன வயதில் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு ‘நான்தான் வெட்டினேன்’ என்று ஒப்புக்கொள்ள, அப்பா கோபப்படாமல் கட்டிக்கொள்வாரே, அது. முடிவை மாற்றி, வாஷிங்டன் பொய் சொல்லி மாட்டிக்கொள்வது போலச் சொன்னபோது அந்த வித்தியாசமும் காணாமல் போய்விட்டது. (அந்த வாஷிங்டன் கதையே வீம்ஸ் என்பவர் 1806-ல் தன் புத்தகத்தின் புதிய பதிப்பில் சேர்த்துவிட்ட கட்டுக்கதை. வாய்மைக்கு வந்த கேட்டைப் பாருங்கள்.)

அதனால் உங்கள் பையனிடம் புலியை அனுப்பாதீர்கள். உண்மை சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை அவனுக்குக் காட்டுங்கள். நான் இதில் தோற்றவள். ஒரு வருடம் வகுப்பில் இருந்த உலக உருண்டை கீழே விழுந்து உடைந்துவிட்டது. ‘யார்னு சொன்னா அடிக்க மாட்டேன்’ என்றேன். ஒரு பெண் குழந்தை எழுந்து நின்றாள். அடிக்கவில்லை, சொன்ன சொல் காப்பாற்றினேன். ஆனால் கால் மணி நேரம் எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டித் தீர்த்தேன். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க என் வகுப்பில் எது உடைந்தாலும் அது தானாகவே உடைந்தது.

நேற்று பேருந்தில், நடத்துனர் கேட்டால் நாலு வயது என்று சொல்லும்படி என் மகனிடம் சொன்னேன். அவன் சத்தமாக ‘எனக்கு ஆறு வயசுப்பா, மறந்துட்டியா?’ என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். (பெயர் வேண்டாம் என்றவர், மதுரை)

அப்புறம் அரை டிக்கெட் எடுத்தீர்களா இல்லையா? அதை மட்டும் எழுதவில்லையே. ஐந்து வயது வரை இலவசம் என்று 2022-ல் ஆக்கினார்கள். அதற்கு முன்பு மூன்று வயதுதான். எங்கள் காலத்து அப்பாக்கள் ‘ரெண்டரை’ என்று சொல்லச் சொல்வார்கள். வயதுதான் ஏறியிருக்கிறது.

என் ஏழு வயது மகன் கீரிப்பிள்ளை கதையைக் கேட்டு ஒரு மணி நேரம் அழுதான். இப்படிப்பட்ட கதைகளைத் தவிர்த்துவிடலாமா? (ஒரு அம்மா, தஞ்சாவூர்)

வேண்டாம். அழட்டும். குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிவிட்டு, வாயில் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடிவந்த கீரியைத் தாயே கொன்றுவிடுகிறாள். அதற்கு அழாமல் வேறு எதற்கு அழுவது?

பஞ்சதந்திரத்தில் அந்தக் கதை அதோடு முடிந்துவிடும். சிலப்பதிகாரத்தில் முடிவதில்லை, அதனால்தான் எனக்கு அது பிடிக்கும். அடைக்கலக் காதையில் மாடலன் என்ற மறையவர் கோவலனிடம் அவனுடைய பழைய நல்ல காரியங்களைச் சொல்லிக்கொண்டு வரும்போது இந்தக் கதை வருகிறது. கீரியைக் கொன்ற மனைவியை விட்டு, அவள் கணவனான அந்தணன் வடக்கே கிளம்பிவிடுகிறான். போகும்போது வடமொழி வாசகம் எழுதிய ஏடு ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். அவள் அந்த ஏட்டோடு புகார் நகரத்து வணிகர் தெருக்களில் அழுதபடி நடக்கிறாள். கோவலன் கூப்பிட்டு என்னவென்று கேட்கிறான், அவள் பாவம் தீரத் தானம் செய்கிறான், காட்டுக்குப் போன கணவனையும் தேடிக் கூட்டிவந்து, பொருள் கொடுத்துச் சேர்த்து வைக்கிறான். அவசரப்பட்டுத் தப்பு செய்தவள் அதற்கப்புறம் எப்படி உயிரோடு இருப்பது என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. உங்கள் மகனுக்கு இந்த மிச்சக் கதையையும் சொல்லுங்கள்.

என் வீட்டிலும் ஒரு கீரி உண்டு. சின்ன மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அலமாரியில் வைத்த நூறு ரூபாய் நோட்டைக் காணோம். அவன்தான் எடுத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன், ஏனென்றால் அவன்தான் கிரிக்கெட் பேட் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் கேஸ் புத்தகத்தின் அட்டைக்குள்ளிருந்து நோட்டு எட்டிப் பார்த்தது. நானே வைத்தது. அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ‘சரி, விடும்மா’ என்றான். இப்போது அவனுக்கு நாற்பத்தொரு வயது, சொந்த வீடு, இரண்டு பிள்ளைகள். இன்றைக்கும் வீட்டில் கண்ணாடி, சாவி எது காணாமல் போனாலும் என்னைப் பார்த்து முதலில் ‘நான் எடுக்கலை’ என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறான். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

பஞ்சதந்திரம் முழுப் புத்தகத்தை வாங்கி வைத்திருக்கிறேன். நான்கு வயதில் ஆரம்பிக்கலாமா?

முதலில் நீங்கள் படியுங்கள். அது அமரசக்தி என்ற ராஜாவின் மூன்று மக்குப் பிள்ளைகளுக்கு விஷ்ணு சர்மா ஆறே மாதத்தில் அரசியல் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லும் புத்தகம். முதல் பகுதியான மித்ரபேதத்தில், தமனகன் என்ற நரி, சிங்கத்துக்கும் எருதுக்கும் இடையே கோள் மூட்டி எருதைச் சாகடித்துவிட்டு மந்திரி பதவியோடு நன்றாகவே இருக்கிறது. எருதுக்கு ஒரு நியாயமும் கிடைப்பதில்லை. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஏற்ற பகுதி. நான்கு வயதுக்கு குரங்கும் முதலையும் போதும், அல்லது வேடன் வலையோடு சேர்ந்து பறந்த புறாக்கள். தாண்டவராய முதலியார் 1826-ல் மராத்தியிலிருந்து தமிழில் கொண்டுவந்த உரைநடை கிடைத்தால், உங்களுக்காகப் படித்துப் பாருங்கள்.

தாகமுள்ள காகம் கதை உண்மையிலேயே நடக்குமா? (நான்காம் வகுப்பு மாணவி, அம்மா மூலமாக)

நடக்கும் கண்ணு. காக்கை இனத்தைச் சேர்ந்த ரூக் என்ற பறவைகளை வைத்து இங்கிலாந்தில் 2009-ல் செய்து பார்த்தார்கள். குழாயில் தண்ணீர், அதில் மிதக்கும் புழு, பக்கத்தில் கற்கள். கல்லைப் போட்டுத் தண்ணீரை உயர்த்திப் புழுவை எடுத்துவிட்டன. பெரிய கல்லாகப் பார்த்து எடுத்தனவாம். நீயும் செய்து பார். ஒரு டம்ளரில் முக்கால்வாசிக்குத் தண்ணீர், இன்னொன்றில் அடியில் கொஞ்சம் மட்டும். இரண்டிலும் கூழாங்கல் போட்டுக்கொண்டே வா. கொஞ்சமாகத் தண்ணீர் இருப்பதில் கல் விளிம்புக்கு வந்துவிடும், தண்ணீர் கல்லுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். அந்தப் பானை கிடைத்த காகம் வேறு பானை தேடிப் போகணும். முயற்சி திருவினையாக்கும் என்று பலகையில் எழுதிப் போட்ட நானே இதை ஓய்வு பெற்ற பிறகுதான் செய்து பார்த்தேன்.

‘பொய் சொல்லாதே’ என்று சொல்லி வளர்த்ததன் பலன், என் ஏழு வயது மகன் பாட்டி முகத்துக்கு நேரே ‘உப்புமா கேவலமா இருக்கு’ என்றான்.

திருவள்ளுவரே ‘பொய்ம்மையும் வாய்மை யிடத்த’ என்று ஒரு வழி விட்டிருக்கிறார், குற்றமில்லாத நன்மை தருமானால் என்ற நிபந்தனையோடு. ஏழு வயதில் அந்த நிபந்தனை புரியாது. ‘இன்னைக்கு எனக்கு வேண்டாம் பாட்டி’ என்று சொல்லப் பழக்குங்கள். அதில் பொய்யும் இல்லை, உப்புமாவும் இல்லை.

மூத்தவனிடம் ஆமை முயல் கதை சொன்னால் ‘நான்தான் ஆமையா?’ என்று அழுகிறான்.

இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கதையை அவர்களை வைத்துச் சொல்லக் கூடாது. யார் ஆமை என்று உங்கள் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

பேரன் பேத்திகளுக்குக் கதை சொல்ல ஆசை. ‘ஒரு ஊர்ல ஒரு சிங்கம்’ என்றதும் கைபேசியை எடுத்துக்கொள்கிறார்கள். (ஒரு தாத்தா, காரைக்குடி)

சிங்கத்தை விடுங்கள் ஐயா. உங்கள் கதையைச் சொல்லுங்கள், அதுவும் நீங்கள் அசிங்கப்பட்ட கதையை. நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை மிருகங்களை வைத்தும் மனிதர்களை வைத்தும் படித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-ல் வந்தது. மனிதர்கள் வரும் கதையைக் கேட்டவர்கள்தான் அதற்குப் பிறகு தங்கள் ஸ்டிக்கர்களைக் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

நேரமும் முக்கியம். கதை சொல்கிறேன் வா என்று கூப்பிட்டால் வராது. மொச்சை உரிக்க உட்காருங்கள், பக்கத்தில் அதுவாக வந்து உட்காரும். பரீட்சையில் காப்பியடித்து மாட்டியது, தம்பியின் பங்கு முறுக்கைத் தின்றுவிட்டு எலி மேல் பழி போட்டது, இப்படி ஏதாவது இல்லாமலா இருக்கும்? பாதியில் நிறுத்தி மொச்சையைக் கழுவ எழுந்து போங்கள். பின்னாலேயே வரும்.

கடைசியாக ஒன்று. என் மகன் கேட்கச் சொன்னான்: நரிக்கு வடை பிடிக்குமா டீச்சர்?

குள்ளநரி எலி, பூச்சி, பழம் என்று கிடைத்ததை எல்லாம் தின்னும். வடை போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். உளுந்து வடையா, மசால் வடையா என்பதையும் சேர்த்து.