மெலியும் முதிய குதிரை: தீவனத்தைக் கூட்டுமுன் பார்க்க வேண்டியவை

கோவைக்கு அருகே தோட்டத்தில் 22 வயதுப் பெண் குதிரை வளர்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கோடையிலும் முடி உதிராததைக் கண்ட கால்நடை மருத்துவர், இரத்தம் சோதித்துக் குஷிங் நோய் என்று உறுதிசெய்து பெர்கோலைடு மாத்திரை தொடங்கியிருக்கிறார். ஆனாலும் குதிரை மெலிந்துகொண்டே வருவதால், கொள்ளையும் தவிட்டையும் கூட்டி, வெல்லமும் சேர்க்கலாமா என்று கேட்கிறார்.

வெல்லம் வேண்டவே வேண்டாம். பிட்யூட்டரி சுரப்பியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் டோபமைன் நரம்புகள் முதுமையில் சிதைவதால், அதன் நடுப்பகுதி பெருத்து ஏசிடிஹெச் முதலிய ஹார்மோன்களை மிகுதியாகச் சுரப்பதே இந்நோய். இதனால் தசை கரைகிறது. இந்நோயுள்ள குதிரைகள் பலவற்றுக்கு இன்சுலினும் உயர்ந்திருக்கும். அவற்றுக்குச் சர்க்கரையும் மாவுச்சத்தும் கூடினால் குளம்புக்குள் லாமினைட்டிஸ் என்னும் அழற்சி வந்து, நிற்கவே முடியாமல் போகலாம். ஆகவே இன்சுலின் சோதனை செய்யப்படவில்லையெனில், தீவனத்தை மாற்றுமுன் அதைக் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்து, கரைவது கொழுப்பா, தசையா என்று பாருங்கள். நீண்ட முடி கண்ணை ஏமாற்றும் என்பதால் கையால்தான் பார்க்க வேண்டும். விலா எலும்புகள் மீது உள்ளங்கையை அழுத்தாமல் ஓட்டும்போது ஒவ்வொன்றும் தனித்தனியே தட்டுப்பட்டால் கொழுப்பும் குறைந்திருக்கிறது. விலா மூடியிருந்து, முதுகெலும்பு மட்டும் மேலெழும்பி வயிறு தொங்கினால் அது தசை இழப்பு. அதற்கு வேண்டியது மருந்தும் நல்ல புரதமுமே தவிர, கூடுதல் தானியம் அன்று.

எல்லாப் பழியையும் குஷிங் மீது போடுவது, நான் அடிக்கடி காணும் தவறு. தீவனத்தொட்டிக்குக் கீழே பாதி மென்ற புல் ஈரமான உருண்டைகளாகக் கிடக்கிறதா? கிடந்தால் பல் தேய்ந்திருக்கிறது, அல்லது ஆடுகிறது. எதைக் கொடுத்தாலும் உடலில் ஒட்டாது. பல்லைச் சரிசெய்த பிறகும் மெல்ல முடியாவிட்டால், புல்லைப் பொடியாக நறுக்கி நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். இந்நோயில் எதிர்ப்புச் சக்தி குன்றுவதால் குடற்புழுவும் எளிதில் பெருகும்; சாணத்தில் முட்டை எண்ணிக்கை பார்த்து மருந்து கொடுங்கள்.

மருந்தையும் கவனிக்க வேண்டும். பெர்கோலைடின் வழக்கமான தொடக்க அளவு, நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 2 மைக்ரோகிராம். முதல் நாட்களில் அதுவே பசியைக் குறைப்பதுண்டு. அப்போது நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால், அளவைக் குறைத்து மெல்ல உயர்த்துவார். ஏசிடிஹெச் மறுசோதனைக்கு எடுக்கும் இரத்தத்தைக் குளிரில் வைத்து விரைவில் பிளாஸ்மா பிரிக்க வேண்டும். வெயிலில் வண்டியில் கிடந்த மாதிரியின் முடிவை நம்ப முடியாது.

தீவனத்தின் அடித்தளம் புல்தான். 350 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 கிலோ உலர்பொருள் தேவை. பசும்புல்லில் பெரும்பகுதி நீர் என்பதால் அது 30 கிலோவைத் தாண்டும். நேப்பியர் புல்லை மட்டுமே நம்பாதீர்கள்: அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. இரண்டும் சேர்ந்தால் எலும்பு பலவீனமாகும். தவிட்டைக் குறைத்துக் குதிரைமசால் சேர்த்தால் புரதமும் சுண்ணாம்பும் ஒருங்கே கிடைக்கும். கொள்ளு நல்ல புரதம்தான்; ஆனால் மாவுச்சத்தும் உள்ளதால், வேகவைத்து, இன்சுலின் முடிவு வரும்வரை இப்போதுள்ள அளவிலேயே கொடுங்கள். எடை கூட்டப் பாதுகாப்பான வழி தாவர எண்ணெய்: நாளுக்கு 50 மில்லியில் தொடங்கி, மூன்று வாரங்களில் 250 மில்லி வரை, இரு வேளையாகப் பிரித்து, வைட்டமின் ஈ சேர்த்துக் கொடுக்கலாம்.

இரு வாரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனை முதல் பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோவில் கிடைக்கும். உதிராத முடியையும் வெட்டிவிடுங்கள். பங்குனி வெயிலில் அந்தப் போர்வையோடு நிற்கும் குதிரை வியர்த்தே களைத்துத் தீனியைத் தொடாது. முடியை வெட்டிய பின் அளக்கும்போது சுற்றளவு சற்றுக் குறைந்தே தெரியும். அந்த அளவிலிருந்து புதிய கணக்கைத் தொடங்குங்கள்.