காலிங் விசால வந்து இறங்கியாச்சு, இப்ப வேலை இல்லங்குறாங்க

கேள்வி: மேடம் வணக்கம். எனக்கு ஊரு பட்டுக்கோட்டை பக்கம், படிப்பு ஒம்பதாவது வரைக்கும்தான். கிளீனிங் கம்பெனில வேலை, மாசம் 1,700 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), தங்க இடம் ஃப்ரீன்னு சொல்லி ஊர் ஏஜெண்ட் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபா வாங்கிட்டு காலிங் விசா, அதாவது கம்பெனி பேர்ல வர்ற வேலை விசா, எடுத்துக் குடுத்தாரு. இந்த மாசம் 7ஆம் தேதி மலேசியாவுல கேஎல் (கோலாலம்பூர்) வந்தேன். ஏர்போர்ட்லயே பாஸ்போர்ட்ட வாங்கிட்டாங்க. செந்தூல்ல ஒரு கடைக்கு மேல 11 பேரு இருக்கோம். இன்னைக்கு 30, வந்து 24 நாள் ஆச்சு, மெடிக்கலுக்குக்கூட கூட்டிட்டுப் போகல. கேட்டா பிராஜெக்ட் கேன்சல் ஆயிடுச்சு, சும்மா இருக்கறவனுக்கு சம்பளம் கெடையாதுங்குறாங்க. ரவாங்ல கார் வாஷ்ல ஆள் கேக்குறாங்க போறியா, இல்லன்னா டிக்கெட் காசு நீயே போட்டு ஊருக்குப் போன்னு சொல்றாங்க. போட்ட காசு திரும்ப வருமா? கார் வாஷுக்குப் போலாமா?

பதில்: தம்பி, ரெண்டாவது கேள்விக்கு முதல்ல சொல்லிடுறேன், அவசரம் அதுலதான் இருக்கு. கார் வாஷுக்குப் போகாதீங்க. நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும்னு கூப்பிட்டாலும் போகாதீங்க.

உங்க விசா அந்தக் கிளீனிங் கம்பெனி பேர்லதான் வந்திருக்கு, அந்த முதலாளி, அந்த செக்டர், அவ்வளவுதான். வேற எடத்துல துணியும் பக்கெட்டும் கையில இருக்கும்போது இமிகிரேசன் வந்தா, 1963 இமிகிரேசன் ரெகுலேசன் 39(பி)ல புடிப்பாங்க, 1,000 வெள்ளி வரைக்கும் ஃபைன், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். அதுக்கப்புறம் ஊருக்கு அனுப்பிடுவாங்க, பேரு பிளாக்லிஸ்ட்ல போயிடும். ரெண்டு வருசத்துக்கு முன்னால இதே மாதிரி ஒரு பையன் கேஸு எங்கிட்ட வந்துச்சு. ஏஜெண்ட் சொன்னாருன்னு கிள்ளான்ல ஒரு சாப்பாட்டுக்கடைக்குப் போயி மங்கு கழுவிக்கிட்டு இருந்தான், பன்னெண்டாவது நாள் ரெய்டு. ஃபைல எடுத்துப் பாத்தா ரெய்டுக்கு மொத நாள்தான் அவனோட கம்பெனி அவன் மேல லாரி ரிப்போர்ட் குடுத்திருக்கு. லாரின்னா வண்டி இல்ல தம்பி, மலாய்ல ஓடிப்போறதுன்னு அர்த்தம். பேப்பர்ல பாத்தா என்ன தெரியுது, கம்பெனி வேலை குடுத்துச்சு, பையன் ஓடிட்டான், வேற கடையில மாட்டிக்கிட்டான். ஏமாத்துனது யாருன்னு அந்தப் பேப்பர்ல எங்கயும் இல்ல. அவன் வாயால சொன்னதுக்கு எதிரா அவங்க எழுத்துல குடுத்தது நின்னுச்சு. அதனால உங்க விசயத்துல முதல் பேப்பர் உங்களோடதா இருக்கணும், அவங்களோடதா இருக்கக்கூடாது.

இப்ப தேதிய பாப்போம். வந்த 30 நாளைக்குள்ள ஃபோமேமா மெடிக்கல், அதாவது வெளிநாட்டு தொழிலாளிக்கு எடுக்கற உடம்பு செக்கப், முடிக்கணும், அது பாஸ் ஆனாத்தான் பிஎல்கேஎஸ், அதாவது நாம பெர்மிட்டுன்னு சொல்றது, அடிப்பாங்க. உங்களுக்கு அந்த 30 நாள் வர்ற 6ஆம் தேதிக்கு முடியுது. இதெல்லாம் பண்ண வேண்டியது முதலாளி, ஆனா தேதி தாண்டினா ரோட்டுல புடிக்கிறது உங்களைத்தான். கூடுதல் நாள் தங்குனதுக்கு இமிகிரேசன் சட்டம் செக்ஷன் 15ல 10,000 வெள்ளிக்குக் குறையாம ஃபைன், இல்லன்னா அஞ்சு வருசம் வரைக்கும் ஜெயில்னு இருக்கு. பயமுறுத்தறதுக்கு சொல்லல, ஒரு வாரம்தான் கையில இருக்குங்கறதுக்காக சொல்றேன். பாஸ்போர்ட்ல ஏர்போர்ட் சாப்பு (முத்திரை) அடிச்ச பக்கத்த போட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களா? இல்லன்னா கூட இருக்குற பத்து பேருல எவனாவது எடுத்திருப்பான், கேளுங்க, ஒரே ஃபிளைட்னா தேதி ஒண்ணாத்தான் இருக்கும்.

சரி, சம்பளம். சும்மா இருக்கறவனுக்கு சம்பளம் கெடையாதுன்னு சொல்றது அவங்க வசதிக்கு சொல்றது. நீங்க லீவு போட்டு படுத்திருக்கல, வேலைக்கு ரெடியா இருக்கீங்க, வேலை குடுக்காதது அவங்க. மலேசியாவோட 1955 வேலைச் சட்டம் வெளிநாட்டு தொழிலாளிக்கும் சேத்துதான், உள்ளூர் ஆளுக்கு ஒண்ணு உங்களுக்கு ஒண்ணுன்னு கெடையாது. கோண்ட்ராக்ல, அதாவது வேலை ஒப்பந்தத்துல, 1,700ன்னு இருந்தா (அதுக்குக் கீழ போடவும் முடியாது, 2025 பிப்ரவரியில இருந்து குறைஞ்சபட்ச சம்பளமே அதான்) முழு மாசம் ஆகலன்னாலும் நாள் கணக்குல வரணும். செக்ஷன் 18ஏல கணக்கு போட சொல்லியிருக்கு: 1,700ஐ 30ஆல வகுத்து 24ஆல பெருக்குங்க, 1,360 வெள்ளி. மாசம் முடிஞ்சு ஏழு நாளைக்குள்ள கையில வந்திருக்கணும்.

நடக்குற காரியமா மேடம்னு கேப்பீங்க. 2023 டிசம்பர்ல ஜொகூர் பெங்கேராங்ல நடந்தத கேளுங்க. பங்களாதேஷ்காரங்க, உங்கள மாதிரியே முறையா விசால வந்து வேலை இல்லாம மாசக்கணக்கா ஹாஸ்டல்ல கெடந்தவங்க, 171 பேரு கெளம்பி போலிஸ்ல கம்ப்ளைண்ட் பண்ண நடந்தே போனாங்க. போனவங்களையே புடிச்சு வெச்சாங்க, அது ஒரு பக்கம். ஆனா அதுக்கப்புறம் லேபர் டிபார்ட்மெண்ட் விசயத்த கையில எடுத்து, 2024ல அந்தக் கம்பெனிய 733 பேருக்கு பத்து லட்சம் வெள்ளிக்கு மேல பாக்கி சம்பளம் கட்ட சொல்லி ஆர்டர் போட்டுச்சு. இதுல ரெண்டு பாடம் இருக்கு. சம்பளம் கேக்க உரிமை இருக்கு. ஆனா 11 பேரும் கூட்டமா ரோட்டுல நடந்து பாலாய்க்கு (போலிஸ் ஸ்டேசனுக்கு) போறது வழி இல்ல, கையில பாஸ்போர்ட் வேற இல்ல.

அந்தப் பாஸ்போர்ட் விசயத்துல நீங்க கெஞ்ச வேண்டியதே இல்ல. அடுத்தவனோட பாஸ்போர்ட்ட சட்டப்படி அதிகாரம் இல்லாம வெச்சிருக்கறது 1966 பாஸ்போர்ட் சட்டம் செக்ஷன் 12ல குத்தம், 10,000 வெள்ளி வரைக்கும் ஃபைன், அஞ்சு வருசம் வரைக்கும் ஜெயில். பத்திரமா வெச்சிருக்கோம்னுதான் எல்லா முதலாளியும் சொல்றான், பத்திரம்னா சாவி உங்க கையில இருக்கணும்ல. இன்னொண்ணும் சொல்லுவாங்க பாருங்க, லெவி (வெளிநாட்டு ஆளுக்காக கவர்மெண்டுக்குக் கட்டுற வரி) கட்டியிருக்கோம், அந்த 1,850 வெள்ளிய வெச்சிட்டு பாஸ்போர்ட்ட எடுத்துக்கன்னு. 2018 ஜனவரியில இருந்து லெவி முதலாளி தலையில, தொழிலாளிகிட்ட வாங்கக்கூடாது. ஆனா தம்பி, நீங்க போயி செக்ஷன் நம்பர் சொல்லி சண்டை போடாதீங்க. வாட்ஸ்அப்ல மரியாதையா ஒரு வரி அனுப்புங்க: "பாஸ், என் பாஸ்போர்ட் வேணும், எப்ப தருவீங்க, எப்ப வேலை?" அவ்வளவுதான். அவங்க என்ன பதில் போட்டாலும் அது நமக்கு சாட்சி, ப்ளூ டிக் மட்டும் வந்தாலும் சாட்சிதான்.

அப்புறம் நேரா ஜாபத்தான் தெனாகா கெர்ஜாவுக்குப் போங்க, அதான் நான் சொன்ன லேபர் டிபார்ட்மெண்ட், ஜேடிகேன்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். ரெண்டு மூணு பேரா போங்க. செலவு கெடையாது, லோயர் வேண்டியதும் இல்ல, தமிழ் பேசுற ஆபிசர் இருந்தாலும் இருப்பாங்க, இல்லன்னா மலாய் தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டுப் போங்க. சம்பளம் வரல, வேலை குடுக்கல, பாஸ்போர்ட் புடிச்சு வெச்சிருக்காங்க, வேற எடத்துக்குப் போக சொல்றாங்க, இந்த நாலையும் எழுத வெச்சு சாப்பு அடிச்ச காப்பி இல்லாம வெளிய வராதீங்க. லாரி ரிப்போர்ட் வந்தா அதுக்கு மருந்து அந்தக் காப்பிதான். ரூம்ல 11 பேரு படுத்திருக்கறதையும் போட்டோ காட்டுங்க, தங்குற எடத்துக்கே லேபர் டிபார்ட்மெண்ட் சர்டிபிகேட் எடுக்கணும்னு தனி சட்டம் இருக்கு, அது இல்லாத கம்பெனிதான் சீக்கிரம் பேச்சுக்கு வரும். கேஸு இழுத்தா இமிகிரேசன்ல ஸ்பெசல் பாஸ் கேக்கலாம், மாசம் 100 வெள்ளி, தங்கலாம் ஆனா வேலை செய்யக்கூடாது. வேற முதலாளிக்கு மாத்துறதும் ஜேடிகேயும் இமிகிரேசனும் ஒத்துக்கிட்டு பேப்பர்ல மாத்தினாத்தான் செல்லும், ஏஜெண்ட் வாயால மாத்துறது இல்ல. ஜேடிகேக்குத் தனியா போக பயமா இருந்தா கேஎல் பார் (வக்கீல் சங்கம்) சட்ட உதவி மையத்துக்கோ தெனாகானித்தாங்கற தொண்டு நிறுவனத்துக்கோ போன் போடுங்க, வெளிநாட்டு தொழிலாளி கேஸு அவங்களுக்குப் பழக்கம்.

கடைசியா அந்த 1 லட்சத்து 80 ஆயிரம். இதுல மனசு கஷ்டப்படுற மாதிரிதான் சொல்லப்போறேன். அது ஊர்ல குடுத்த காசு, ஊர் ஏஜெண்ட் வாங்குன காசு, கேஎல்ல நான் கேஸு போட்டு அத எடுக்க முடியாது. ஆனா விட்டுடவும் வேண்டாம். இந்தியாவுல ரெஜிஸ்டர் பண்ண ஏஜெண்ட் சர்வீஸ் சார்ஜா வாங்கக்கூடியது 30,000 ரூபாதான், ஜிஎஸ்டி சேத்தா 35,400. அதுக்கு மேல வாங்குனாலும், ரெஜிஸ்டரே இல்லாம ஆள் அனுப்புனாலும் 1983 எமிகிரேசன் சட்டம் செக்ஷன் 24ல ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில், ஃபைன் 2,000 ரூபா வரைக்கும் (ஆமா, ரெண்டாயிரம்தான், அந்தக் காலத்துல எழுதுனது அப்படியே இருக்கு). அதனால அந்த ஃபைன நம்பாம மோசடின்னு போலிஸ்ல குடுக்கணும், 2024 ஜூலையில இருந்து அது பாரதிய நியாய சன்ஹிதா 318(4), ஏழு வருசம் வரைக்கும் இருக்கு. ஊர்ல இருந்து அப்பாவோ அண்ணனோ குடுக்கட்டும், வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களப் பாத்துக்கற இந்திய அரசு ஆபிசர், சென்னையில இருக்குற புரொடெக்டர் ஆஃப் எமிகிரண்ட்ஸுக்கும் ஒரு காப்பி போகட்டும். எஃப்ஐஆர் வரும்னு தெரிஞ்சா பாதி ஏஜெண்ட் பணத்தோட பேச வருவான், அதுதான் நடைமுறை. ரொக்கமா குடுத்தேன் ரசீது இல்லன்னு சொல்லாதீங்க, நகைய அடகு வெச்ச சீட்டு, பேங்க்ல எடுத்த தேதி, ஏஜெண்ட் அனுப்புன வாய்ஸ் மெசேஜ், எல்லாமே ரசீதுதான்.

ஒம்பதாவது படிச்சிருக்கேன்னு எழுதுனது நல்லதாப் போச்சு. பத்தாவது முடிக்காதவங்க பாஸ்போர்ட்ல ஈசிஆர் (எமிகிரேசன் செக் ரிக்வயர்டு)னு இருக்கும், மலேசியாவுக்கு வர எமிகிரேசன் கிளியரன்ஸ் எடுத்திருக்கணும், அத எடுக்கும்போதே பிரவாசி பாரதிய பீமா யோஜனான்னு ஒரு இன்சூரன்ஸ் போட்டிருப்பாங்க. பத்து லட்சம் பாலிசின்னு மட்டும் எல்லாருக்கும் தெரியும், செத்தாத்தான் வரும்னு நெனைப்பாங்க. அப்படி இல்ல. சொன்ன வேலைய ஆளுக்கு பாதகமா மாத்தினாலோ, நம்ம தப்பு இல்லாம வேலை பாதியில போனாலோ திரும்பிப் போற ஃபிளைட் டிக்கெட் அதுல உண்டு, இந்தியத் தூதரகம் ஆமா நடந்தது உண்மைதான்னு சர்டிபிகேட் குடுக்கணும். அதனால ஜேடிகே முடிச்ச கையோட மோண்ட் கியாராவுல இருக்குற இந்தியன் ஹைகமிசனுக்கும் போங்க, இந்திய வெளியுறவு அமைச்சகத்தோட புகார் வெப்சைட்டான மதாத் போர்ட்டல்லயும் கம்ப்ளைண்ட் பதிஞ்சு நம்பர எழுதி வெச்சுக்கங்க. டிக்கெட் காசு நீயே போடுன்னு சொல்றவங்ககிட்ட சரின்னு தலையாட்டிடாதீங்க.

நீங்க ஜேடிகே போயிட்டு வந்தது தெரிஞ்சதும் ரூமுக்கு யாராவது ஒருத்தர் சிரிச்ச முகத்தோட வருவாரு, கையில மலாய்ல ஒரு பேப்பர் இருக்கும், இதுல கையெழுத்து போடு நாளைக்கே பாஸ்போர்ட் தர்றேம்பாரு. அதுல அனேகமா நானே விருப்பப்பட்டு வேலைய விட்டேன், பாக்கி எதுவும் இல்லன்னு எழுதியிருக்கும். படிக்கத் தெரியல பாஸ், போட்டோ எடுத்துக்கறேன், நாளைக்கு சொல்றேன்னு சொல்லுங்க. போட்டோவ எனக்கு அனுப்புங்க, ராத்திரி எத்தனை மணியானாலும் பரவால்ல.