பசங்க, பெரியவங்க எல்லாரையும் கூட்டிட்டு பழங்காட்டுல ஒரு நாள் முழுக்க ஹைக்கிங் போகலாமா?

எட்டு வயசு பையனையும் அறுபது தாண்டின அம்மாவையும் கூட்டிட்டு, கோடாலியே படாத பழைய காட்டுல காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நடக்க முடியுமா, எத்தனை கிலோமீட்டர் பிளான் பண்ணலாம்னு கேட்டிருக்கீங்க.

தாராளமா போங்க. ஆனா கிலோமீட்டர்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. நாள் முழுக்க அப்படியே வச்சுக்கோங்க, தூரத்தை மட்டும் மனசுல இருக்கறதுல பாதியா குறைங்க. நாங்க குடும்பமா போறப்போ எப்பவும் இப்படித்தான் போறோம், யாரும் அழுதுக்கிட்டே திரும்பி வந்ததில்ல.

மலையேறுறவங்க ஒரு பழைய கணக்கு சொல்வாங்க, 1892ல வில்லியம் நைஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது, மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர், அது போக 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன்படி பார்த்தா 12 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏத்தம் உள்ள பாதை ஏறக்குறைய மூணரை மணி நேரத்துல முடியணும். இது நல்ல தெம்பா இருக்கற ஆளு எங்கயும் நிக்காம நடக்கறதுக்கான கணக்கு. சின்னப் பசங்க கூட வந்தா அதை ரெண்டு மடங்கா போட்டுக்கோங்க, அதுலயும் பழங்காட்டுல பாதை முழுக்க வேர் பின்னிக்கிட்டு கிடக்கும், பாசி வழுக்கும், குறுக்க விழுந்து கிடக்கற மரத்தை ஏறித் தாண்டணும் இல்ல குனிஞ்சு போகணும், அம்மாவுக்கு அங்க கை கொடுக்கணும், பையன் அதே மரத்து மேல ஏறினா இறங்கவே மாட்டான்.

இறங்கச் சொல்லி அவசரப்படுத்தாதீங்க. இந்த மாதிரி காட்டுக்குப் போறதே அதுக்குத்தானே. செத்து விழுந்த மரத்துலதான் அங்க பாதி கதை நடக்குது. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஒலிம்பிக் நேஷனல் பார்க்குல ஹோ மழைக்காடுன்னு ஒண்ணு இருக்கு, அங்க பெரிய பெரிய மரங்க யாரோ கயிறு கட்டி நட்ட மாதிரி ஒரே நேர்கோட்டுல நிக்கும். கீழ தரையில பாசியும் செடியும் அடர்ந்து கிடக்கறதால விதை முளைச்சு மேல வர்றது கஷ்டம், விழுந்த மரத்து மேல விழுற விதைக்கு இடமும் ஈரமும் கொஞ்சம் வெளிச்சமும் கிடைக்குது, அது அங்கயே முளைச்சு வேரை ரெண்டு பக்கமும் இறக்கிடுது. அடில இருந்த கட்டை முழுசா மக்கிப் போக ரொம்ப காலம் ஆகும், சிலது நூறு வருஷத்துக்கு மேலயும் கிடக்கும். அது மக்கினப்புறம் மேல நிக்கற மரத்தோட வேருக்கு அடியில குகை மாதிரி ஓட்டை மட்டும் மிஞ்சும். பையன்கிட்ட பதிலை சொல்லாதீங்க, ஏன் வரிசையா நிக்குதுன்னு மட்டும் கேளுங்க. எங்க பொண்ணு ஓட்டைக்குள்ள எட்டிப் பார்த்து பார்த்து கடைசியில தானே சொல்லிட்டா, அந்த நேரத்துல நாங்க ஒரு அடி கூட நகரல, அது வீணான நேரம்னு எனக்கு தோணவே இல்ல.

பாதையை விட்டு இறங்க மட்டும் விடாதீங்க, இதுல நான் கறார். கலிபோர்னியாவுல ஹைப்பீரியன்னு ஒரு ரெட்வுட் மரம், உலகத்துலயே உயரமானது, 115 மீட்டருக்கு மேல, 2006ல கண்டுபிடிச்சாங்க. அங்க போக பாதையே கிடையாது, ஆனாலும் ஜனங்க தேடித் தேடிப் போய் அடிமரத்தைச் சுத்தி மிதிச்சே கீழ இருந்த செடியெல்லாம் நாசமாச்சு. 2022ல பார்க் நிர்வாகம் அந்தப் பகுதியையே மூடிட்டாங்க, மீறினா 5000 டாலர் வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். ரெட்வுட்டுக்கு ஆணிவேர் கிடையாது, அவ்வளவு உயர மரத்தோட வேர் மேலாகவே பரவி இருக்கு, மண்ணு இறுகினா மூச்சு முட்டும். அதனால பாதையில சேறு இருந்தா சேத்துலயே நடங்க, ஓரமா சுத்திப் போனா பாதை அகலமாகி பக்கத்துல இருக்கறதெல்லாம் சாகும்.

அப்புறம் சில காரியங்க. சுத்தி வர்ற பாதையை விட போன வழியே திரும்புற பாதைதான் குடும்பத்துக்கு நல்லது, யாருக்காவது முடியலன்னா அந்த இடத்துலயே திரும்பிடலாம். எத்தனை மணிக்கு திரும்பணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லார் காதுலயும் போட்டுடுங்க, எங்க இருந்தாலும் அந்த நேரத்துக்கு திரும்பிடணும். மேல கிளையெல்லாம் மூடிக்கறதால காட்டுக்குள்ள வெளியில விட சீக்கிரமே இருட்டிடும், தலையில மாட்டிக்கற டார்ச் ஆளுக்கொண்ணு வேணும். அம்மா முன்னாடி நடக்கட்டும், அவங்க வேகம்தான் எல்லாருக்கும் வேகம். இறங்கறப்போதான் முட்டி வலிக்கும், அதுக்கு ஊன்றுகோல் ரெண்டு இருந்தா நல்லது.

உக்கார்றதுக்கு முன்னாடி மேல பாருங்க. பட்டுப்போன கிளை தொங்கினா அங்க உக்காராதீங்க, காத்து பலமா வீசுற நாள்னா போகவே வேண்டாம், இன்னொரு நாள் போய்க்கலாம்.

பையன் கழுத்துல ஒரு விசில் போட்டு விடுங்க. வழி தவறிட்டா தேடிக்கிட்டு நடக்காதே, ஒரு மரத்துகிட்ட அப்படியே நின்னு மூணு மூணு தடவையா ஊதுன்னு வீட்டுலயே சொல்லி பழக்கிடுங்க. போன்ல மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க, ஆனா அடர்த்தியான மரத்துக்கு அடியில ஜிபிஎஸ் இடத்தை மாத்தி மாத்தி காட்டும், அதனால பேப்பர் மேப்பும் பையில இருக்கட்டும். எந்தப் பாதையில போறீங்க, எத்தனை மணிக்குள்ள வந்துடுவீங்கன்னு வீட்டுல இருக்கற ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு கிளம்புங்க.