கரையில் காத்திருக்க ஓர் ஆள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். மூன்று வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துச் சம்பாதிக்கிறேன். பிடித்த வேலைதான், ஆனால் ஃபைலைத் திறக்க மனம் வருவதில்லை. போன மாதம் ஒரு மருந்துச் சோதனைக்கான ஒப்புதல் படிவமும் அதன் இணைப்புத் தாள்களும் வந்தன. 12,000 சொல், ஏழு நாள். முதல் நான்கு நாளில் 700 சொல் கூட ஓடவில்லை. பாத்திரம் விளக்கினேன், பீரோவை அடுக்கினேன், ஒரே ஒரு சொல்லுக்காகப் பாதி நாள் நெட்டில் தேடினேன். கடைசி மூன்று இரவு தூங்காமல் முடித்து அனுப்பினேன். ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதியிருக்கிறேன் என்று சரிபார்ப்பவர் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா விசைப்படகில் போகிறவர். தொழிலுக்குப் போகிற நாளில் அவரை யாரும் எழுப்பி நான் பார்த்ததில்லை. அவர் மகளுக்கு ஏன் இந்தச் சோம்பல்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா என்று எழுதிவிட்டாய், நானும் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சோம்பல் என்ற சொல்லை எடுத்துப் போடு. சோம்பேறி பீரோவை அடுக்க மாட்டாள். நீ நான்கு நாளும் ஓயாமல் வேலை செய்திருக்கிறாய், அந்த ஒரு ஃபைலை மட்டும் தொடாமல். அப்படியென்றால் அந்த ஃபைலுக்குள் ஏதோ உன்னைத் தடுத்திருக்கிறது. எந்தச் சொல்லுக்காகப் பாதி நாள் தேடினாய் என்று நீ எழுதவில்லை. ஒப்புதல் படிவம் என்பதால் ஊகிக்கிறேன்: 'பிளசீபோ'வாக (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும், மருந்தில்லாத மாத்திரை) இருக்கும், இல்லையென்றால் 'ரேண்டமைஸ்' (யாருக்கு எது என்று குலுக்கல் மாதிரிப் பிரிப்பது).

இந்தப் படிவங்களை நான் பல வருடம் செய்திருக்கிறேன். அதைப் படிக்கப்போகிறவர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நோயாளி. பிளசீபோவை 'மருந்துப்போலி' என்று எழுதினால் போலி மருந்து கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று எழுந்து போய்விடுவார். 'மருந்து எதுவும் கலக்காத, பார்க்க அதே மாதிரி இருக்கும் மாத்திரை' என்று எழுதினால் புரியும், ஆனால் அந்தச் சொல் வருகிற நாற்பது இடத்திலும் வாக்கியம் நீண்டுபோகும். அதோடு, நீ எழுதிய தமிழை இன்னொருவர் மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் மூலத்தோடு ஒப்பிடுவார். அங்கே ஒன்று குறைந்தாலும் கேள்வி வரும். இவ்வளவும் தெரிந்தவளுக்குக் கை நிற்கத்தான் செய்யும். எனக்கும் நின்றிருக்கிறது. முதல் தடவை விளக்கமாக எழுதிவிட்டு, 'இனி இதை வெறும் மாத்திரை என்போம்' என்று சொல்லி, கடைசிவரை அந்த ஒரே பெயரால் எழுதலாமா என்று வேலை கொடுத்தவரிடம் கேட்டேன். சரி என்றார்கள்.

நான் சொல்லவந்ததே அந்தக் கேட்பதைப் பற்றித்தான். கேள்வி போய்ப் பதில் வரவே ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். ஐரோப்பாவில் இருப்பவர் என்றால் நமக்கு மத்தியானம் ஆகும்போதுதான் அவர் கம்ப்யூட்டரைத் திறப்பார். ஆறாம் நாள் ராத்திரி எழுகிற சந்தேகத்துக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. அப்போது மனதுக்குப் பட்டதை எழுதுவோம், மறுநாள் மனதுக்கு வேறொன்று படும். ஒரு சொல் மூன்று விதமாக ஆவது இப்படித்தான். அதனால் முதல் நாள் மொழிபெயர்க்கவே செய்யாதே. முழுவதையும் ஒரு தடவை வாசி, எங்கெல்லாம் கை நிற்கும் என்று தோன்றுகிறதோ அந்தச் சொற்களை ஒரு தாளில் எழுது. இருபதுக்கு மேல் போகாது. தீர்க்க முடிந்ததைத் தீர்த்துக்கொள், மற்றதை அன்று சாயங்காலமே கேள்வியாக அனுப்பிவிடு.

தேடுகிற நேரத்துக்கு நமக்குக் காசு கிடையாது என்பதும் இதில் இருக்கிறது. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறோம். பாதி நாள் தேடியும் சொல் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் குற்ற உணர்ச்சி வருகிறது, அந்த உணர்ச்சியே மறுநாள் ஃபைலைத் திறக்கவிடாது. (உனக்கு எந்தச் சொல்லை எண்ணிக் கூலி தருகிறார்கள் என்று பார்த்துக்கொள். 'இன் த ஹவுஸ்' மூன்று சொல், 'வீட்டில்' ஒரே சொல். தமிழ்ச் சொல்லை எண்ணித் தருபவர்களிடம் அதற்கேற்ற விலை கேட்க வேண்டும்.)

இப்போது உன் ஏழு நாள் கணக்குக்கு வருகிறேன். சாதாரண உரைநடை என்றால் நம் தொழிலில் பெரும்பாலானவர்கள் நாளுக்கு 2,000 சொல் என்று வைப்பார்கள். ஒப்புதல் படிவத்தில் எனக்கு 1,500 தாண்டாது. 12,000 சொல்லுக்கு எட்டு நாள், வாசித்துத் திருத்த இரண்டு நாள். சரி என்று நீ பதில் போட்டபோதே மூன்று நாள் பிந்தியிருந்தாய், அதற்கு அப்புறம்தான் பீரோ. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், திட்டமிடல் பிழை என்று. எடுத்த வேலை தடங்கலில்லாமல் ஓடும் என்று நினைத்தே நாள் குறிப்போம், போன தடவை எத்தனை நாள் ஆனது என்று திரும்பிப் பார்க்க மாட்டோம். ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு வேலைக்கும் சொல் எத்தனை, மணி எத்தனை என்று எழுதி வா. அடுத்த வேலை வரும்போது நோட்டைப் பார்த்துவிட்டுப் பதில் போடு. காவிரித் தண்ணி வருகிற நாளையும் அதில் குறி. குடத்தோடு குழாயடியில் நிற்கிற ஒரு மணி நேரத்தை எந்த ஊர்க்காரர் எழுதிய நேர மேலாண்மையிலும் பார்க்க முடியாது. உனக்கும் எனக்கும் அது ஒரு பக்கம்.

இனி அப்பா. அவரை யாரும் எழுப்புவதில்லை என்கிறாய். நான் மண்டபத்துக்காரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் முறை. அன்று கடலுக்குப் போக டோக்கன் வாங்கியாக வேண்டும், ஐஸ் ஏற்றியாக வேண்டும், டிரைவரும் மற்ற ஆட்களும் ஜெட்டியில் நிற்பார்கள். அப்பா வராவிட்டால் அத்தனை பேர் வீட்டிலும் அன்றைய பாடு போச்சு. அவர் மன உறுதியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவருக்காகக் கரையில் ஆள் நிற்கிறது. உனக்கு ஏழு நாளும் யாரும் நிற்கவில்லை.

2002இல் டான் ஏரியலி, கிளாவுஸ் வெர்டன்ப்ரோக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நம் வேலைக்குப் பக்கத்து வேலை அது, பிழைதிருத்தம். மாணவர்களிடம் மூன்று உரைகளைக் கொடுத்து மூன்று வாரம் தந்தார்கள். ஒரு குழு வாரம் ஒன்றாகத் தர வேண்டும். இன்னொரு குழு மூன்றையும் கடைசியில் சேர்த்துத் தரலாம். மூன்றாவது குழு தன் கெடுவைத் தானே வைத்துக்கொள்ளலாம். அதிகப் பிழைகளைப் பிடித்ததும் குறைவாகத் தாமதித்ததும் வாரம் ஒன்று தந்தவர்கள். கடைசியில் மொத்தமாகத் தந்தவர்கள் இரண்டிலும் பின்தங்கினார்கள். தானே கெடு வைத்தவர்கள் நடுவில் நின்றார்கள். பெரிய வேலையை நான் துண்டு துண்டாகத்தான் அனுப்புகிறேன். '3,000 சொல் முடிந்ததும் முதல் பகுதி தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள். சொல் தேர்வில் தவறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இதை நான் கற்றதற்கு ஒரு விலை இருக்கிறது. தொடங்கிய காலத்தில் ஒரு விவசாயக் கையேடு, வெள்ளிக்கிழமை தர வேண்டியது, புதன் வரை தொடவில்லை. வியாழன் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினார்கள். ராத்திரி கரண்ட் போனது, இரண்டு நாள் வரவில்லை. புயல் என்று எழுதினேன், நம்பினார்கள். புயல் உண்மைதான். திங்களும் செவ்வாயும் வெயில் அடித்ததும் உண்மை, அதை நான் எழுதவில்லை. அந்தப் பொய்யான நிம்மதி இன்றும் உறுத்துகிறது.

முதல் வாக்கியம் வரவில்லை என்றால் வாயால் சொல்லிப் பார். பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த புனித எரோணிமுஸ், அதில் வருகிற தோபித்து நூலை ஒரே நாளில் முடித்தார். அரமேய மொழியில் இருந்த அதை, அந்த மொழி தெரிந்த ஒருவர் எபிரேயத்தில் சொல்லச் சொல்ல, இவர் லத்தீனில் சொன்னார், எழுத்தர் எழுதினார். உன் போனில் தமிழில் பேசினால் எழுத்தாகிறது. அம்மாவை எதிரே வைத்துச் சொல்வதாக நினைத்து அந்தப் படிவத்தைச் சொல்லு. பெஞ்சில் இருப்பவர்களில் சிலருக்கு அதை யாரோ வாசித்துத்தான் காட்டப்போகிறார்கள்.

அடுத்த வேலை வந்ததும், அந்தக் கை நிற்கிற சொற்களின் தாளை மட்டும் முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் எனக்கு அனுப்பு. மூலத்தை அனுப்பாதே, அது ரகசியம் காக்க வேண்டியது. ஆறு மணிக்கு வரவில்லை என்றால் ஆறேகாலுக்கு நான் போன் செய்வேன்.

அன்புடன்,
அக்கா