ஷெட்லாந்து: அம்மாவுக்கு முட்டி வலி, பஃபின் பார்க்க முடியுமா?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்குற ஷெட்லாந்து தீவுகள்ல பஃபின்ங்கிற கடல்பறவையை அம்மாவோட பார்க்கத் தாராளமா முடியும். ஆனா உங்க மூணு நாள் பயணத்துல வடகோடி அன்ஸ்ட் தீவையும் சேர்க்காதீங்க. யெல் தீவு வழியா ரெண்டு ஃபெர்ரி மாறணும், அன்ஸ்ட்ல பஃபின் இருக்குற ஹெர்மனெஸ்ல நடையும் ஜாஸ்தி. அம்மாவுக்கு பெரிய தீவோட தெற்குக் கோடியில இருக்குற சம்பரோ முனைதான் சரி. கார் நிறுத்துற இடத்துலேருந்து 1821ல கட்டின கலங்கரை விளக்கத்துக்குக் கொஞ்சம் ஏத்தம்தான். மெதுவா ஏறிடலாம். கல்சுவருக்கு அந்தப் பக்கம் புல்சரிவுல பஃபின் ஆரஞ்சு மூக்கோட நிக்கும். சாயங்காலம் போங்க, கடல்லேருந்து திரும்புற நேரம். ஆகஸ்ட் ஆரம்பத்துல கிளம்பிடும், அதனால ஜூலை கடைசிக்குத் தள்ளாதீங்க.

குடை வேண்டாம், ஒரே காத்துல கம்பி திரும்பிடும். வாடகைக் கார்னா மூக்கைக் காத்துக்கு எதிரா வச்சு நிறுத்தி, கதவைக் கெட்டியாப் பிடிச்சுத் திறங்க. நான் அசால்ட்டா விட்டேன், கீல் வளைஞ்சு பணம் கட்டினதுதான் மிச்சம்! ஸ்காட்லாந்தோட அபர்டீன்லேருந்து ஷெட்லாந்து வர்ற கப்பல்ல ராத்திரி முழுக்கப் பயணம், அம்மாவுக்கு கேபின் போட்டுடுங்க.